தலைக்குக் குளிப்பது

தமிழில் குளிப்பது வேறு, தலைக்குக் குளிப்பது வேறு. முன்னது தினசரிக் காரியம். யாரும் அறிவித்துவிட்டுச் செய்வதில்லை. பின்னது ஒரு சம்பவம். ‘இன்றைக்குத் தலைக்குக் குளித்தேன்’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனசுக்குள் ஒரு பட்டியல் ஓடுகிறது. வெள்ளிக்கிழமையா, பண்டிகையா, துக்க வீட்டுக்குப் போய் வந்ததா, மாதவிலக்கின் கணக்கா? ஒரு பெண் கர்ப்பமாயிருப்பதைத் ‘தலை முழுகாமல் இருக்கிறாள்’ என்று சொல்கிற மொழி இது. உறவை அறுத்துக்கொண்டவன் ‘அவனைத் தலை முழுகிவிட்டேன்’ என்கிறான். இந்தப் பிரயோகங்கள் எதிலும் அழுக்கு என்ற விஷயமே வரவில்லை. தீட்டைக் கழிப்பது, நாளைக் குறிப்பது, முடிவை அறிவிப்பது - இதற்கெல்லாம்தான் தலை நனைந்திருக்கிறது. மயிர் சுத்தமாயிற்றா என்பது உபரியான விசாரணை.

ஆகவே, முடி சுத்தமாகவும் நன்றாகவும் இருக்க ஒழுங்கு தவறாமல் ஷாம்பு போட்டுத்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வியை வெறும் சுகாதாரக் கேள்வியாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அதோடு நான் கடலூர்க்காரன், செம்மண்டலத்தில் குடியிருக்கிறவன். பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட் எங்கள் ஊரில் பிறந்த சரக்கு. ஊருக்கு இருக்கும் கியாதிகளில் இதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஆனால் இந்த மாவட்டத்திலிருந்து கிளம்பி இந்தியாவின் எல்லாக் குளியல் மறைப்புகளுக்குள்ளும் நுழைந்த பொருள் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஸ்தூலமான சமாச்சாரங்கள். முடி செத்த பொருள். உயிர் இருப்பது தோலுக்கடியில் இருக்கும் வேர்ப்பையில். வெளியே தெரிவது கெரட்டின் என்ற புரத இழை மட்டும். மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. 60 செ.மீ. நீளமுள்ள பின்னல் என்றால் அதன் நுனி ஐந்து வருஷத்துக்கு முந்தியது. ‘ஆரோக்கியமான கூந்தல்’ என்பது, ஆக, ஒரு உருவகம். செத்ததற்கு ஆரோக்கியம் ஏது? ஆரோக்கியம் தோலுக்கு இருக்கலாம். முடிக்கு இருப்பது தேய்மானம். தோலில் உள்ள சுரப்பிகள் எண்ணெய்ப்பசையைச் சுரக்கின்றன. எவ்வளவு சுரக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஹார்மோன்கள். அதனால்தான் குழந்தைத் தலையில் பிசுக்கு குறைவு, பதினாறு வயதுத் தலையில் அதிகம், வயதேறினால் மறுபடி குறைவு. கழுவக் கழுவச் சுரப்பு கூடுகிறது, கழுவாமல் விட்டால் தானே அடங்கிவிடுகிறது என்று இப்போது சிலர் பிரசாரம் செய்கிறார்கள். அதற்குப் பலமான ஆதாரம் இல்லை. அந்த எண்ணெய்ப்பசையைத் தின்று வாழும் மலசேஸியா என்ற நுண்பூஞ்சை எல்லோர் தலையிலும் இருக்கிறது. அது மிச்சம் வைக்கும் கொழுப்பமிலங்கள் சிலருடைய தோலை உறுத்துகின்றன, பொடுகு உதிர்கிறது. அப்படிப்பட்ட தலையில் எண்ணெய் வைத்து ஊறப்போடுவது வைத்தியமாகாது. கழுவுவதுதான் வைத்தியம்.

கழுவ வேண்டியது வேர்ப்பக்கம். காப்பாற்ற வேண்டியது நுனிப்பக்கம். ஷாம்புவைப் பற்றி நடக்கும் சண்டையெல்லாம் இந்த இரண்டையும் ஒரே பொருளாக நினைப்பதால் வருகிறது. எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதற்கு எல்லோருக்குமான எண் கிடையாது. நேரான முடியில் பசை சீக்கிரம் இறங்கி வழிகிறது. சுருட்டை முடியில் மெதுவாகத்தான் இறங்கும். முடி காய்ந்தே கிடக்கும். கறுப்பின மக்களின் இறுகிய சுருள் முடிக்கு வாரத்துக்கு ஒருமுறை அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை போதும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கமே சொல்கிறது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கோப்பு பார்ப்பவன் தலையும், நெய்வேலிச் சுரங்கத்தில் புழுதிக்கு நடுவே நிற்பவன் தலையும் ஒரே கணக்குக்குள் வரா.

சம்பிரதாயம் இந்தக் கேள்விக்குக் கிழமையால் பதில் சொல்லியிருந்தது. ஆண்களுக்குப் புதனும் சனியும். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். ஔவையின் ஆத்திசூடியில் சனிக்கிழமைக் குளியலுக்கு ஓர் இடம் உண்டு. அமாவாசையில் எண்ணெய் கூடாது. தலையைப் பார்த்து யாரும் முடிவு செய்யவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். இதில் ஒரு சௌகரியம் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் என்பது நம் சீதோஷ்ணத்துக்கு மோசமான கணக்கல்ல.

ஆனால் அந்தக் குளியலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நல்லெண்ணெயின் குளிர்ச்சி, சீயக்காயின் மகிமை, குளித்த பின் வரும் தூக்கம் என்று ஏக்கமாக எழுதியிருக்கிறார்கள். வெந்நீர் யார் போட்டார்கள் என்பது அந்தக் கட்டுரைகளில் இராது. எங்கள் வீட்டில் அம்மா போட்டாள். விடியுமுன் அடுப்பில் சவுக்கு மிலாறு போட்டு ஊதி, அண்டாவில் தண்ணீர் காய்ச்சுவாள். தண்ணீர் தெருக்கிணற்றிலிருந்து வர வேண்டும். சீயக்காயோடு பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு எல்லாம் காயவைத்து, மில்லுக்கு எடுத்துப்போய், தும்மிக்கொண்டே அரைத்து வாங்கி வர வேண்டும். முதல் நாள் வடித்த கஞ்சியை எடுத்து வைக்க வேண்டும். அப்பாவுக்கும் எனக்கும் ஆன பிறகு அக்காவுக்கு. அக்காவுக்கு ஆன பிறகு, தண்ணீர் மிஞ்சினால், அம்மாவுக்கு. பிறகு முடியை உலர்த்தி, சிக்கெடுத்து, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் சீயக்காய்த் துகளை உதறி, சாம்பிராணி காட்டி முடிக்கும்போது பகல் பாதி போயிருக்கும். இந்த அரை நாள் வீட்டிலிருந்த பெண்ணுக்கே பாரம். கூலிக்குப் போகிற பெண்ணுக்கு அது ஒரு சம்பளம்.

சீயக்காயைக் குறைத்துச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை. அதிலுள்ள சபோனின் நுரைத்துப் பிசுக்கை எடுக்கிறது. அது லேசான அமிலத்தன்மை உடையது. காரமான சோப்பைப்போல முடியின் மேல்செதிளைக் கிளப்பிவிடாது. சோப்போ எங்கள் கடலோரத்து உப்புத் தண்ணீரில் நுரைக்கவே நுரைக்காது. தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளையாக மயிரில் படியும். சீயக்காய்க்கு நேரம் வேண்டும், சோப்புக்கு நல்ல தண்ணீர் வேண்டும். இரண்டும் இல்லாதவளுக்கு என்ன வழி என்ற கேள்வி, ஷாம்பு வரும்வரை கேட்கப்படாமலே கிடந்தது.

ஷாம்பு என்ற சொல்லே இங்கிருந்து போனதுதான். பிடித்துவிடு, அமுக்கு என்று அர்த்தப்படும் இந்தி ஏவல்சொல் அது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது என்பவர் 1810-களில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலோடு உடம்பு பிடித்துவிடும் கூடம் ஒன்றை நடத்தினார். அதற்கு அவர் இட்ட பெயர் ஷாம்பு. நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே அவர் ‘ஷாம்பு வைத்தியர்’. எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதைக் குறித்த சொல், போன இடத்தில் மெல்ல மெல்லத் தலை கழுவுவது என்றாகி, எண்ணெயை எடுக்கும் திரவத்தின் பெயராகத் திரும்பி வந்தது. அந்த ஊர்களிலும் தினசரிக் கழுவல் பழைய வழக்கமல்ல. 1908-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தன் வாசகிகளுக்குச் சொன்ன யோசனை, முடி ஓரளவு நன்றாயிருந்தால் மாதத்துக்கு ஒருமுறையோ ஆறு வாரத்துக்கு ஒருமுறையோ கழுவினால் போதும் என்பது. 1930-களில் சோப்பு அல்லாத செயற்கை நுரைப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டு, 1934-இல் ப்ராக்டர் அண்ட் காம்பிள் ட்ரீன் என்ற ஷாம்புவைக் கொண்டுவந்தது. உப்புத் தண்ணீரிலும் நுரைத்தது. அதற்குப் பிறகுதான் ஆறு வாரம் ஒரு வாரமாகி, வாரம் நாளாயிற்று.

இந்தியாவில் ஷாம்பு வெகுகாலம் பாட்டில்காரர்களின் பொருளாக இருந்தது. பாட்டில் விலை முழுசாகக் கையில் உள்ளவர்தான் வாங்க முடியும். இந்த இடத்தில் கடலூர் வருகிறது. மருந்துப் பொருள்களைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி விற்றுவந்த சின்னி கிருஷ்ணன் என்பவருக்கு ஒரு பிடிவாதம் இருந்ததாக அவர் மகன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: தான் செய்கிற பொருளைக் கூலிக்காரனும் ரிக்ஷாக்காரனும் வாங்க வேண்டும். திரவத்தையும் பொட்டலத்தில் அடைக்கலாம் என்று கண்டார். அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் விற்றார்கள். அவர்களில் ஒருவரான சி. கே. ரங்கநாதன் பிரிந்து வந்து, 1983-இல் 15,000 ரூபாய் முதலில் சிக் இந்தியா என்று தனியே தொடங்கினார். தகப்பனார் பெயரின் முதலெழுத்துகளே ‘சிக்’. அந்த நிறுவனம்தான் 1998-இல் கெவின்கேர் ஆனது. கவின் என்ற தமிழ்ச்சொல் அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

அவர்கள் விற்ற விதம் கவனிக்கத்தக்கது. கிராமத்துக்குப் போய், ஒரு பையனைக் கூப்பிட்டுக் கூட்டத்துக்கு நடுவில் தலையைக் கழுவிக் காட்டி, தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். ரஜினி படம் போட்டு நடுவில் விளம்பரம் காட்டினார்கள். காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் புதுசு ஒன்று இலவசம். மல்லிகை வாசனை, ரோஜா வாசனை. பாக்கெட் ஐம்பது காசுக்கு விற்ற காலமும் உண்டு. இல்லாத தேவையை உண்டுபண்ணி ஏழைகளின் காசைப் பிடுங்கினார்கள் என்று இதற்கு ஒரு விமர்சனம் எழுதுவது சுலபம். நண்பர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். அந்த விமர்சனம் என் அக்காவிடம் வந்து நின்றுவிடுகிறது.

1980-களின் நடுவில் அக்கா பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். வறுத்த கொட்டையின் தோடு கக்கும் எண்ணெய் விரலைக் கறுப்பாக்கித் தோலை உரிக்கும். வறுக்கிற புகை முடியில் ஏறினால் இறங்காது. வாரம் முழுக்க எங்கள் வீட்டுக்குள் அந்தப் புகை இருந்தது. சனிக்கிழமை கூலி வாங்கி வரும்போது இரண்டு ஷாம்பு பாக்கெட் வாங்கி வருவாள். ஞாயிற்றுக்கிழமை காலை மூலையைப் பல்லால் கிழித்து, மக்குத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கி, பச்சைத்தண்ணீரில் பதினைந்து நிமிஷத்தில் தலைக்குக் குளித்துவிடுவாள். தன் சம்பாத்தியத்தில் அவள் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

“அது முடியத் தின்னுடும்டி” என்றாள் அம்மா.

“தின்னா தின்னுட்டுப் போவுது. ஞாயித்துக்கிழம அரை நாளு எனக்கு வேணும்” என்றாள் அக்கா.

அந்த அரை நாளில் அவள் செய்தது ஒன்றுமில்லை. தூங்கினாள்.

நான் நடுவில் புகுந்து, பத்திரிகையில் படித்த சீயக்காய்ப் பெருமையை எடுத்துவிட்டதற்கு, “உனக்கென்னடா, கிராப்புத் தலை. ஒரு சொம்புத் தண்ணி போதும்” என்றாள். அந்த வருஷம் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு கிழவி அவள் பின்னலைக் கையில் தூக்கி, சவுரி இல்லையே என்று இழுத்துப் பார்த்து, பிறகு முகர்ந்து பார்த்தாள். “கொட்ட ஒடக்கிற பொண்ணுன்னு சொன்னாங்க, பொகை வாசமே காணுமே” என்றாள் சந்தோஷமாக. அக்கா தலை நிமிரவில்லை. தேவையில்லாத பொருள் என்று ஷாம்புவை யார் சொன்னாலும் எனக்கு அந்தக் குனிந்த தலை நினைவுக்கு வந்துவிடுகிறது. முடிக்கு அது தேவையா என்பது வேறு. அந்தப் பெண்ணுக்கு அது தேவையாயிருந்தது.

இதைச் சொன்ன பிறகு மற்றதையும் சொல்ல வேண்டும். பாக்கெட் வந்த காலத்து விளம்பரம் ‘இது உனக்கும் எட்டும்’ என்றது. பின்னால் வந்த விளம்பரங்கள் ‘இது இல்லாவிட்டால் நீ அழுக்கு’ என்கின்றன. முதலாவது ஒரு கதவைத் திறந்தது. இரண்டாவது ஒரு புதுத் தீட்டைக் கண்டுபிடித்தது. பஞ்சாங்கத்தின் கிழமை போய்க் கம்பெனியின் தினம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஷாம்பு எடுத்த எண்ணெயைத் திருப்பிக் கொடுக்கக் கண்டிஷனர், அதற்கு மேல் இன்னொன்று. சீயக்காயையும் விடவில்லை; அதே கெவின்கேர் மீரா என்ற பெயரில் சீயக்காய்த் தூளையும் பாக்கெட்டில் போட்டு விற்றது. மரபை விரும்புகிறவனுக்கு மரபு, நவீனனுக்கு நவீனம், கடை ஒன்றுதான்.

விஞ்ஞானத்திடம் போனால் அது தனியாக வருவதில்லை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது என்று காட்டியது. செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தார். 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆசிய முடியுள்ளவர்கள் அடிக்கடி கழுவுவதால் அரிப்பும் பொடுகும் குறைகின்றன, முடிக்குக் கேடில்லை என்று சொன்னது. அதில் பங்குகொண்டவர்கள் ஷாம்பு விற்கும் ப்ராக்டர் அண்ட் காம்பிள் நிறுவனத்தார். இரண்டும் பொய் என்று நான் சொல்லவில்லை; இரண்டும் உண்மையாகவே இருக்கக்கூடும். எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்கிறார் என்பதுதான் விஷயம். கழுவாமலிருந்தால் யாருக்குக் கெடுதலில்லை என்று தேடிப் பார்க்கப் பணம் போடுகிற கடைக்காரர் கிடையாது.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிச் சுற்றுவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருவில் மூன்று வாரம் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. குடத்துத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் சரியாயிருந்தது. அந்த மூன்று வாரம் தெருவே தலைக்குக் குளிக்கவில்லை. தினம் ஷாம்பு போட்டவர்களுக்கு நாலைந்து நாளில் அரிப்பெடுத்தது. தங்கள் தலையின் வாசனையைத் தாங்களே முதல் தடவையாக அறிந்தார்கள். பிறகு பழகிவிட்டது. யாருக்கும் முடி கொட்டித் தீர்ந்துவிடவில்லை. உண்மையாகவே அவதிப்பட்டவர்கள் விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த வந்த ஆட்கள். மரத்தூளும் வியர்வையும் கலந்து அவர்கள் தலையில் அடையாக ஒட்டியிருந்தது. ஒரு நாள் மாலை லாரித் தண்ணீர் வந்தபோது, அவர்களுக்கு முதலில் ஆளுக்கு ஒரு வாளி என்று தெருப் பெண்கள் தீர்மானித்தார்கள். யாருக்குத் தலைக்குக் குளிப்பது அவசியம் என்பதற்கு நான் கண்ட மிகச் சரியான தீர்ப்பு அது. பஞ்சாங்கத்தையும் கேட்கவில்லை, கம்பெனியையும் கேட்கவில்லை.

கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று தமிழில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. குறுந்தொகையின் 2-ஆம் பாடலைச் சுற்றி எழுந்த கதை. 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்துக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும். அதை இயக்கிய ஏ. பி. நாகராஜனே நக்கீரராகவும் நடித்தார். பூவாலும் சாந்தாலும் வருகிற வாசனைதான், இயற்கையல்ல என்று நக்கீரர் நின்றார். நாம் அந்த வழக்கைக் கடவுளுக்கும் புலவனுக்கும் நடந்த கௌரவச் சண்டையாகப் பார்த்துப் பழகிவிட்டோம். பெண்ணின் தலை எப்படி மணக்க வேண்டும் என்று இரண்டு ஆண்கள் சபையில் வாதாடிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது. பின்னலை முகர்ந்த கிழவி அந்தச் சபையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள். பக்கத்துச் சிதம்பரத்தில் சடையை விரித்து ஆடுகிறவருக்கு ஆண்டுக்கு ஆறு அபிஷேகம்தான். போதுமா என்று யாரும் முகர்ந்து பார்க்கப் போவதில்லை.

கெடிலத்தின் கரையில் நடந்தால் கிழிந்த பாக்கெட்டுகள் மணலில் பாதி புதைந்து கிடக்கின்றன. பல அடுக்காக ஒட்டிய அந்தத் தாளை உரித்துப் பிரித்து மறுபடி பயன்படுத்துவது சுலபமில்லை. பொறுக்குகிறவர்களும் அதை எடுப்பதில்லை. கூலிக்காரனுக்கும் கிடைக்க வேண்டும் என்று சின்னதாக்கிய பொருள், சின்னதாயிருப்பதாலேயே அள்ள முடியாததாகிவிட்டது. இந்தக் கணக்கில் தினசரிக் கழுவல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாக்கெட் சேர்கிறது.

அக்கா அறுபதைத் தாண்டிவிட்டாள். போன வருஷம் பின்னலைத் தோள் மட்டத்துக்கு வெட்டிக்கொண்டாள். காரணம் கேட்டதற்கு, கை தூக்கினால் தோள் வலிக்கிறது என்றாள். எத்தனை நாளைக்கு ஒருதரம் தலைக்குக் குளிக்கிறாய் என்று இந்தக் கட்டுரைக்காகவே கேட்டேன். வெயில் காலத்தில் வாரம் இரண்டு, மழைக்காலத்தில் ஒன்று, ஜுரம் வந்தால் அதுவும் இல்லை. சில சமயம் ஷாம்பு, சில சமயம் மருமகள் வாங்கி வைத்திருக்கும் சீயக்காய்த் தூள், சில சமயம் வெறும் தண்ணீர். கிழமை பார்ப்பதுண்டா என்றேன்.

“அரிச்சாக் கழுவுறேன். இல்லன்னா சும்மா வுட்டுடறேன். இதப் போயி எழுதப் போறியா?” என்றாள்.